நோய்க்காலத்தில் விவசாயிக்குப் போகும் மெசேஜ்: உள்ளே நடப்பது என்ன?

"விவசாயிகளுக்கு மெசேஜ் அனுப்பியாச்சு" என்ற வரியைக் கொரோனா காலத்தில் எல்லா ஆய்வுக் கூட்டங்களிலும் கேட்க முடிந்தது. அனுப்பியதும் உண்மைதான். ஆனால் அந்த வரிக்குள் பல தனித்தனி வேலைகள் அடங்கியிருக்கின்றன. எழுத வேண்டும், சரிபார்க்க வேண்டும், ஒப்புதல் வாங்க வேண்டும், பட்டியல் தேட வேண்டும், அதன்பிறகுதான் அனுப்புவது. பட்டனை அழுத்துவதுதான் இதிலேயே சுலபமான வேலை. பேச்சு முழுக்க அதைப் பற்றியே இருப்பதால் மற்றதெல்லாம் கண்ணில் படுவதில்லை.

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியது. இரண்டு நாள் கழித்து, 27ஆம் தேதி, வயல்வேலை, அறுவடை இயந்திரம், உரக்கடை, கொள்முதல் ஆகியவற்றுக்கு மத்திய உள்துறை அமைச்சகம் விலக்குக் கொடுத்தது. வடசென்னையை ஒட்டிய மீஞ்சூர், பொன்னேரி பக்கம் நவரை நெல் அறுவடையை நெருங்கிக்கொண்டிருந்த நேரம் அது. மே 5 அன்று கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. காய்கறி மொத்த வியாபாரம் மே 11 முதல் திருமழிசைக்குப் போனது. பழ வியாபாரம் மாதவரம் பஸ் நிலையத்துக்கு வந்தது. புழல், செங்குன்றம் பக்கம் கீரை போட்டவருக்கு அந்த வாரம் தெரிய வேண்டியிருந்தவை மூன்றே விஷயங்கள்: அறுக்கலாமா, வண்டி போகுமா, எங்கே இறக்குவது. அறுத்த கீரை மறுநாளுக்குத் தாங்காது. அவருக்குப் போய்ச் சேர்ந்த மெசேஜோ பெரும்பாலும் "கைகளை அடிக்கடி கழுவவும்" என்பதுதான்.

## எதை ஆலோசனை என்கிறோம்

ஓர் ஊரில், ஒரு பயிர் வைத்திருப்பவர், நாளையோ இந்த வாரமோ செய்யக்கூடிய ஒரு காரியத்தை அவருடைய போனுக்குச் சொல்வது; அவர் திருப்பிக் கேட்க ஒரு வழியும் வைப்பது. இந்த இரண்டும் இருந்தால்தான் அது மொபைல் ஆலோசனை. இரண்டாவது இல்லையென்றால் அது அறிவிப்பு மட்டும்தான்.

இது கொரோனாவுக்காகக் கண்டுபிடித்ததும் கிடையாது. கிசான் கால் சென்டர் 2004 முதல் இயங்குகிறது. குறுஞ்செய்திகளுக்கான எம்-கிசான் தளம் 2013இல் வந்தது, தமிழ்நாட்டின் உழவன் செயலி 2018இல். பாதை முன்பே இருந்தது. நோய்க்காலம் அதன்மேல் ஏற்றிய பாரம்தான் புதிது: வேளாண் உதவி அலுவலர் வயலுக்கு வர முடியவில்லை, வெளியூர் கூலியாட்கள் கிளம்பிப் போய்விட்டார்கள், விதிமுறையோ வாரத்துக்கு வாரம் மாறியது.

## தண்ணீர் லாரியும் எஸ்எம்எஸ்ஸும்

கோடையில் வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் மெட்ரோ தண்ணீர் லாரி வருவதைப் பாருங்கள். லாரி தெருமுனை சின்டெக்ஸ் தொட்டியில் தண்ணீரை இறக்கிவிட்டுப் போய்விடும். வீட்டில் ஆள் இருந்தால் உடனே குடம் நிறையும். வேலைக்குப் போயிருந்தால், வரும்வரை தொட்டியில் கிடக்கும்.

எஸ்எம்எஸ் இப்படித்தான் போகிறது. அனுப்புகிறவரின் கணினி, செய்தியை நேராக விவசாயியின் போனுக்குள் போடுவதில்லை. தொலைத்தொடர்பு நிறுவனத்தின் குறுஞ்செய்தி மையத்தில் இறக்குகிறது. அந்த மையம்தான் நம் சின்டெக்ஸ் தொட்டி. போன் ஆன் ஆகி சிக்னலும் இருந்தால் மையம் உடனே தள்ளிவிடும். இல்லையென்றால் வைத்திருந்து இடைவெளி விட்டு மறுபடி முயலும். ஒவ்வொரு செய்திக்கும் காலக்கெடு உண்டு. அது தாண்டினால் மையம் அதைக் கைவிட்டுவிடும். "நாளைக் காலை 4 மணிக்கு வண்டி" என்ற செய்திக்கு மூன்று நாள் கெடு வைத்தால் என்ன ஆகும்? சார்ஜ் இல்லாமல் கிடந்த போனுக்கு அது மூன்றாம் நாள் போய்ச் சேரும், வராத வண்டிக்காக ஒருவர் கட்டுக்கட்டாகக் கீரையோடு நிற்பார். நேரத்தோடு ஒட்டிய செய்திக்குச் சில மணி நேரக் கெடுதான் வைக்க வேண்டும்.

அனுப்புகிறவரின் திரையில் இரண்டு எண்கள் தெரியும். 'அனுப்பப்பட்டது' என்றால் தொட்டியில் இறக்கியாயிற்று. 'சேர்ந்தது' என்றால் போன் வாங்கிக்கொண்டது. படித்தாரா, புரிந்ததா என்பதை இரண்டுமே சொல்லாது. கூட்டங்களில் வாசிக்கப்படும் பெரிய எண்ணிக்கை பெரும்பாலும் முதல் எண்.

செல் ஒலிபரப்பு என்று வேறொன்றும் இருக்கிறது. லாரி நிற்காமல், குழாயைத் திறந்துவிட்டபடியே தெருவைக் கடந்து போவது மாதிரி. செல்போன் கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் போன்கள் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் செய்தி விழும். போன் எண் பட்டியலே தேவையில்லை. 2023இல் எல்லார் போனும் ஒன்றாக அலறியதே, அந்தச் சோதனை இந்த வகைதான். புயலுக்கு இது சரி. கத்தரி வைத்தவரையும் பக்கத்து வீட்டு லேத் பட்டறைக்காரரையும் இதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. பயிர் ஆலோசனையை இதில் விட்டால் கடலில் கரைத்த பெருங்காயம்தான்.

இதுவரை சொன்னதன் சுருக்கம்: எஸ்எம்எஸ் ஓர் இடைத்தங்கல் வழியாகப் போகிறது, அங்கே காத்திருக்கும், கெடு தாண்டினால் தொலைந்துபோகும். சேர்ந்தது என்ற குறியீடு படித்ததற்குச் சாட்சி ஆகாது.

## தமிழுக்கு 70 இடம்தான்

ஓர் எஸ்எம்எஸ் 140 பைட், அதாவது 1,120 பிட் கொள்ளும். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும் என்பதால் அதில் 160 எழுத்து அடங்குகிறது. தமிழ் எழுத்துகளை யூனிகோடு என்ற முறையில் அனுப்புகிறார்கள். உலக மொழிகளின் ஒவ்வொரு எழுத்துக்கும், புள்ளி, கொம்பு போன்ற ஒவ்வொரு குறியீட்டுக்கும் தனி எண் கொடுத்திருக்கும் முறை அது. எஸ்எம்எஸ்ஸில் ஒவ்வோர் எண்ணும் 16 பிட் பிடிக்கும். ஆகவே 70 இடம்தான் கிடைக்கிறது.

அந்த 70இலும் ஒரு சிக்கல். புள்ளி, கொம்பு, கால், கொக்கி ஒவ்வொன்றும் தனி இடம் பிடிக்கும். 'வரப்பில்' என்பது கண்ணுக்கு ஐந்து எழுத்து. எஸ்எம்எஸ் கணக்கில் எட்டு: வ, ர, ப, புள்ளி, ப, கொக்கி, ல, புள்ளி.

ஓர் உதாரணம் பார்ப்போம். முதலில் எழுதுவது இப்படி வரும்:

"கீரை அறுப்பவர் தனித்தனி அரிவாள் பிடிக்கவும். சோப்பு நீர் வரப்பில் வைக்கவும்."

பார்க்கச் சின்னதுதான். எண்ணினால் 76. ஒரு செய்திக்குள் அடங்காமல் இரண்டாக உடையும். இதையே இப்படி மாற்றலாம்:

"கீரை அறுக்க ஆளுக்கொரு அரிவாள். வரப்பில் சோப்பு, தண்ணீர் வையுங்கள்."

இது 66. ஒன்றுக்குள் அடங்கிவிட்டது, பேச்சு வழக்குக்கும் பக்கத்தில் வந்துவிட்டது.

உடைந்தால் என்ன நஷ்டம்? துண்டுகளை வரிசைப்படுத்தும் குறிப்புக்காக ஒவ்வொரு துண்டிலும் 6 பைட் போய்விடும். 70 இடம் 67 ஆகும். ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் காசு. அதைவிட மோசம், எல்லாத் துண்டும் ஒன்றாக வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 'தெளிக்கலாம்' என்ற முதல் துண்டு வந்து, 'மழை இருந்தால் கூடாது' என்ற இரண்டாம் துண்டு நின்றுவிட்டால், அந்த மெசேஜ் போகாமலே இருந்திருக்கலாம். எச்சரிக்கை எப்போதும் முதல் வாக்கியத்தில் வர வேண்டும்.

தமிழ் எழுத்துரு இல்லாத பழைய பட்டன் போனில் இவ்வளவு பாடுபட்டு எழுதியதெல்லாம் வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும். அப்படிப்பட்ட போன் வைத்திருப்பவருக்கு வழி குரல்தான்.

## அனுமதி என்ற தடை

மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்ப இந்தியாவில் பதிவு வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2018இல் கொண்டுவந்த விதிகளின்படி மூன்றைப் பதிய வேண்டும்: அனுப்பும் நிறுவனம், செய்தியின் தலையில் தெரியும் அனுப்புநர் பெயர், வாசகத்தின் வார்ப்பு. வார்ப்பு என்பது முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிய வாக்கியம். ஊர், தேதி மாதிரி மாறுகிற இடங்களை மட்டும் காலியாக விட்டிருப்பார்கள். பதிந்த வார்ப்போடு பொருந்தாத செய்தியைக் கணினியே தடுத்துவிடும். இந்தச் சரிபார்ப்பு 2021 மார்ச் 8 அன்று முழுமையாக அமலானபோது வங்கி ஓடிபிகளே நின்றுபோயின. ஆணையம் ஒரு வாரம் அதைத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று.

ஆகவே நோய் வந்தபிறகு உட்கார்ந்து வார்ப்பு எழுதுவது வெள்ளம் வந்தபிறகு மதகு கட்டுகிற கதை. சும்மா இருக்கும் மாதங்களிலேயே இப்படிச் சில வார்ப்புகளைப் பதிந்து வைத்திருக்க வேண்டும்: சந்தை இடமாற்றம், கொள்முதல் தேதி, வண்டி அனுமதி, கால்நடை நோய் எச்சரிக்கை, முந்தைய செய்தி ரத்து. கடைசியாகச் சொன்னதைப் பெரும்பாலும் யாரும் பதிவதில்லை.

வாங்குகிறவருக்கும் இதில் ஒரு நன்மை உண்டு. 2025 முதல் அனுப்புநர் பெயரின் முடிவில் ஒரு எழுத்து சேர்க்கிறார்கள். அரசுச் செய்தி என்றால் 'ஜி', விளம்பரம் என்றால் 'பி'. உரக்கடை விளம்பரமா, துறைச் செய்தியா என்று அதைப் பார்த்தே பிரித்துவிடலாம்.

## குரல் அழைப்பும் வாட்ஸ்அப்பும்

பதிவு செய்த குரலைத் தானாகவே பல எண்களுக்கு அழைத்துக் கேட்கவைப்பது குரல் ஆலோசனை. படிக்கத் தெரியாதவருக்கும், கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வயலுக்கு வந்தவருக்கும் இது உதவும். 45 முதல் 60 விநாடிக்கு மேல் போகக் கூடாது. முதல் 10 விநாடிக்குள் விஷயம் வந்துவிட வேண்டும். "மதிப்பிற்குரிய விவசாயப் பெருமக்களே" என்று ஆரம்பித்தால் விளம்பரம் என்று நினைத்துக் கட் செய்துவிடுவார்கள். இடத்தையும் நேரத்தையும் இரண்டு முறை சொல்ல வேண்டும். மறுபடி கேட்க எண் 1 என்று வைக்கலாம். எப்போதும் ஒரே எண்ணிலிருந்து அழைக்க வேண்டும், அப்போதுதான் மக்கள் அதைப் பெயர் போட்டு வைத்துக்கொள்வார்கள். பேசுகிற தமிழ் இந்தப் பக்கத்துத் தமிழாக இருக்கட்டும். செய்தி வாசிக்கும் தோரணை வேண்டாம்.

வாட்ஸ்அப்பின் பலம் படம். அலுவலர் வர முடியாதபோது பயிரைப் பார்க்க அதுதான் கண். ஆனால் தூரத்தில் நின்று எடுத்த பச்சைப் பரப்பை வைத்து யாராலும் நோய் சொல்ல முடியாது. முழுச் செடி ஒரு படம், இலையின் மேல்புறம், அடிப்புறம் ஒவ்வொன்று, பகல் வெளிச்சத்தில். கத்தரியில் நுனி தொங்கினால் அந்தத் தண்டைக் கிள்ளி, நீளவாக்கில் பிளந்து ஒரு படம். உள்ளே புழு இருந்தால் தண்டுத் துளைப்பான். இல்லையென்றால் வாடல் நோயா என்று பார்க்க வேண்டும். இரண்டுக்கும் மருந்து வேறு.

அதன் பலவீனம் பலருக்குத் தெரியாது. வாட்ஸ்அப் ஒலிபரப்புப் பட்டியலில் 256 பேர்தான் அடங்குவார்கள். அதிலும் அனுப்புகிறவரின் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போகும். குழு ஆரம்பித்தாலோ, காலை வணக்கமும் கோயில் படமும் 40 வந்தபிறகு நடுவில் சந்தை மாறிய செய்தி இருக்கும்.

## பட்டியல்தான் உயிர்

பெயரும் எண்ணும் இருந்தால் பட்டியல் ஆகிவிடாது. ஊர், பயிர், விதைத்த தேதி, போன் வகை, அந்த போன் பகலில் யார் கையில் இருக்கும் என்பதும் வேண்டும். அரசு ஆவணத்தில் இருப்பது பெரும்பாலும் நிலத்துக்காரரின் எண். நிலம் குத்தகையில் இருந்தால் பயிர் வைத்தவர் வேறு ஆள். எண் மகனுடையதாக இருந்தால், மணலியிலோ எண்ணூரிலோ ஷிப்டில் இருக்கும் அவருக்கு "இன்றே உரம் இடவும்" என்று போகும். களை எடுப்பதும் மாடு கறப்பதும் பெண்கள், போன் ஆண் கையில். ஆகவே கறவைமாடு பற்றிய குரல் அழைப்பை எல்லாரும் வீட்டில் இருக்கும் மாலை 7 மணிக்குப் போடுவதே நல்லது.

எண்களும் செத்துப்போகும். 90 நாள் பயன்படுத்தாத எண் துண்டிக்கப்பட்டு, பிறகு வேறொருவருக்குப் போகலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தட்டிப் பார்க்காத பட்டியலை நம்பக் கூடாது.

## அளவு தப்பினால்

நோய்க்காலச் செய்தியில் சுகாதாரமும் வேளாண்மையும் கலந்து வரும். அங்கேதான் ஆபத்தான பிழைகளும் நடக்கும். தரையையும் வண்டித் தளத்தையும் துடைக்க 1 சதவீத ஹைப்போகுளோரைட் கரைசல் என்றது சுகாதாரத் துறை வழிகாட்டுதல். காய்கறி கழுவ 50 பிபிஎம் குளோரின் என்றது உணவுப் பாதுகாப்பு ஆணையம். பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 1 சதவீதம் என்பது 10,000 பிபிஎம். இரண்டுக்கும் 200 மடங்கு வித்தியாசம். இரண்டு மெசேஜும் ஒரே வாரத்தில் வந்து, "பிளீச்சிங் தண்ணியில கழுவணுமாம்" என்று வாய்மொழியாகக் கலந்துவிட்டால் கீரைக்கட்டு வண்டித் தளத்துக்கான தண்ணீரில் முங்கும்.

அதனால் சதவீதமும் பிபிஎம்மும் செய்தியில் வரவே கூடாது. தரைக்கு: 30 சதவீதக் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் என்றால் லிட்டருக்கு 33 கிராம், ஆக 10 லிட்டர் வாளிக்கு 330 கிராம். இந்தக் கணக்கை எழுதுகிறவர் போட்டு, வாளிக் கணக்கில் கொடுக்க வேண்டும். காய்கறிக்கு நல்ல தண்ணீரில் கழுவினால் போதும் என்று முடித்துவிடலாம். குளோரின் கணக்கை வயலுக்கு அனுப்புவதில் லாபத்தைவிட ஆபத்து அதிகம். இரும்பு அரிவாளைப் பிளீச்சிங் கரைசலில் ஊறப்போட்டால் துருப்பிடிக்கும், அதற்குச் சோப்புத் தண்ணீரே போதும். ஆட்கள்மேல் கிருமிநாசினி தெளிக்கக் கூடாது என்று மத்திய சுகாதார அமைச்சகமே 2020 ஏப்ரல் 18 அன்று சொன்னது. அதற்குள் பல சந்தை வாசலில் தெளிப்புச் சுரங்கம் வைத்தாகிவிட்டது.

துணி முகக்கவசம் இன்னொன்று. அது பூச்சிமருந்தைத் தடுக்காது. மருந்தடிக்கும்போது போட்டிருந்ததையே மார்க்கெட்டுக்கும் போட்டுக்கொண்டு போனால் மருந்தை மூக்கிலேயே கட்டிக்கொண்டு திரிவதாகும். 'மாஸ்க் போடுங்கள்' என்ற பொதுச் செய்தியில் இது இல்லை. விவசாயிக்கென்று எழுதினால்தான் வரும்.

ஒவ்வொரு வாசகத்தையும் போவதற்கு முன் மூன்று பேர் பார்க்க வேண்டும்: பயிர் தெரிந்தவர், மருத்துவம் தெரிந்தவர், அந்தப் பக்கத்தில் விவசாயம் செய்பவர். மூன்றாமவர் படித்துவிட்டு "சரி, இப்ப நான் என்ன செய்யணும்?" என்று கேட்டால் திருப்பி எழுத வேண்டியதுதான்.

## வதந்தியும் இதே பாதையில்தான் வரும்

2020 தொடக்கத்தில் கோழிக்கறியால் கொரோனா பரவும் என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் ஓடி, கறிக்கோழி விலை தரைக்கு வந்தது. பறவைக்காய்ச்சல் செய்தி வரும்போதெல்லாம் இதுபோன்ற பீதி கிளம்புகிறது. பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று வாட்ஸ்அப் 2020 ஏப்ரலில் கட்டுப்படுத்தியது. அது வேகத்தைக் குறைக்கும், பதில் சொல்லாது.

பதில் சொல்லும்போது வதந்தியை அப்படியே மேற்கோள் காட்டி "இது பொய்" என்று போடுவது வழக்கம். பாதி படித்தவர் மனதில் வதந்திதான் தங்கும். செய்ய வேண்டியதை மட்டும் சொன்னால் போதும்: "நன்றாக வெந்த கோழி, முட்டை சாப்பிடலாம். கொத்தாகக் கோழி செத்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், கால்நடை மருத்துவரை அழையுங்கள்." யார் சொல்கிறார்கள் என்பதும் முக்கியம். இந்தப் பக்கத்தில் மாடு, கோழி வளர்ப்பவருக்கு மாதவரம் பால்பண்ணையிலுள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் தெரிந்த இடம். முகம் தெரியாத தலைமையகத்தின் பெயரைவிட அந்தப் பெயருக்கு மதிப்பு அதிகம்.

## திருப்பிக் கேட்கும் வழி

மிஸ்டு கால் கொடுத்தால் திரும்ப அழைக்கும் எண் ஒன்று இருந்தால் சிறப்பு. இல்லையென்றால் கிசான் கால் சென்டரின் 1800-180-1551 எண்ணைச் செய்தியின் முடிவில் சேர்க்கலாம். காலை 6 முதல் இரவு 10 வரை, கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். (2020இல் அங்கே அழைத்தவர்கள் முதலில் இருமல் சத்தத்தோடு கொரோனா விளம்பரத்தைக் கேட்டு முடிக்க வேண்டியிருந்தது தனிக்கதை.)

வரும் கேள்விகளை ஊர், பயிர், கேள்வி என்று மூன்று கட்டத்தில் எழுதி வைத்தால் அடுத்த வாரச் செய்தி தானாகவே கிடைத்துவிடும். சோழவரத்திலிருந்து ஒரே வாரத்தில் பலர் "அறுப்பு மெஷின் வர பாஸ் வேணுமா?" என்று கேட்டால் அதைவிட அவசரமான செய்தி வேறு இருக்க முடியாது. பலன் உண்டா என்று அறியவும் சேர்ந்த எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, வாரம் 30 பேருக்கு போன் போட்டு இரண்டு கேள்வி கேட்பது மேல்: என்ன சொல்லியிருந்தோம், அதில் எதைச் செய்தீர்கள்.

## செய்திக்கும் காலாவதி தேதி

கோயம்பேடு காய்கறி மொத்த வியாபாரம் 2020 செப்டம்பர் 28 அன்று பழைய இடத்திலேயே மறுபடி தொடங்கியது. அதற்குப் பிறகும் 'திருமழிசைக்கு வாருங்கள்' என்ற பழைய மெசேஜ் போனில் அப்படியே இருக்கும். தேதி இல்லாமல் யாராவது தள்ளிவிட்டால் புதிய செய்தி போலத்தான் தெரியும். ஆகவே வாசகத்துக்குள்ளேயே தேதி வேண்டும்: "மே 11 முதல்", "அடுத்த அறிவிப்பு வரை". விதி மாறிய அன்றே, முந்தைய செய்தி யார் யாருக்குப் போனதோ அதே பட்டியலுக்கு ரத்துச் செய்தியும் போக வேண்டும். புதிய பட்டியல் ஒன்றை எடுத்து அனுப்பினால் பழையதை வாங்கியவர்களில் சிலர் விடுபட்டுப்போவார்கள். எந்தச் செய்தி, எந்தத் தேதியில், எந்தப் பட்டியலுக்குப் போனது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாலே இதைச் செய்துவிடலாம்.